அத்தியாயம் 6: டி.டி.எஸ். என்றால் எது? ஒரே சுருக்கத்தை நான்கு தாள்களில் படிக்கும் முறை

மார்ச் மாதக் கடைசியில் பல வீடுகளின் மேசையில் மூன்று தாள்கள் ஒன்றாகக் கிடக்கும். ஒன்று, வங்கி அனுப்பிய வைப்புநிதிக் கணக்கு. இன்னொன்று, ஆர்.ஓ. மிஷினை சர்வீஸ் செய்தவர் கொடுத்துவிட்டுப் போன ரசீது. மூன்றாவது, காய்ச்சலுக்குக் காட்டி வாங்கி வந்த மருந்துச் சீட்டு. மூன்றிலும் டி.டி.எஸ். என்று எழுதியிருக்கும். வங்கித் தாளில் அது வரிப் பிடித்தம். ரசீதில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவு. மருந்துச் சீட்டில், நாளுக்கு மூன்று வேளை. மொட்டை மாடியில் வாட்டர் புரூஃபிங் வேலை நடந்துகொண்டிருந்தால் நான்காவதாக ஒரு தாளும் சேரும், அதில் டி.டி.எஸ். என்பது அந்த ரசாயனத்தின் தொழில்நுட்ப விவரத் தாள்.

வரித் தாளைத் தவறாகப் படித்தால் பணம் முடங்கும். தண்ணீர் ரசீதைத் தவறாகப் படித்தால் தேவையில்லாத மிஷின் வீட்டுக்கு வரும், அல்லது தேவையான பரிசோதனை நடக்காமல் போகும். மருந்துச் சீட்டைத் தவறாகப் படித்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால் இந்த அத்தியாயத்தில் பெரும்பகுதி மருந்துச் சீட்டுக்கும் அதில் டி.டி.எஸ்.ஸுக்குப் பக்கத்தில் வரும் மற்ற சுருக்கங்களுக்கும் போகிறது.

## எந்தச் சுருக்கமானாலும் முதலில் இந்த வரிசை

1. தாளைக் கொடுத்தது யார் என்று பாருங்கள். வங்கியா, மருத்துவமனையா, கடையா? சுருக்கத்தின் பொருள் பெரும்பாலும் தாளின் தலைப்பிலேயே முடிவாகிவிடும்.

2. சுருக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் அலகையும் பாருங்கள். ரூபாய் இருந்தால் வரி. பி.பி.எம். அல்லது ‘லிட்டருக்கு மி.கி.’ இருந்தால் தண்ணீர். மருந்தின் பெயரும் ‘5 நாள்’ என்பது போன்ற கணக்கும் இருந்தால் வேளை. மி.கி. என்பது தண்ணீர்த் தாளிலும் வரும், மாத்திரை அட்டையிலும் வரும். அந்த ஓர் அலகை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள்.

3. அதே தாளின் அடியிலோ பின்பக்கத்திலோ விரிவு அச்சிட்டிருக்கிறதா என்று தேடுங்கள். ஆய்வுக்கூட அறிக்கைகளிலும் வங்கித் தாள்களிலும் அநேகமாக இருக்கும்.

4. இன்னமும் சந்தேகம் இருந்தால் எழுதியவரிடமே கேளுங்கள். செல்போனில் தேடுவது கடைசி வழி. தேடினால் அதிகம் பேர் பார்க்கும் பொருள்தான் மேலே வந்து நிற்கும். டி.டி.எஸ். என்று தேடுகிறவருக்கு வருமான வரிப் பக்கங்கள் வரிசையாக வரும். கையில் இருப்பதோ மருந்துச் சீட்டாக இருக்கும்.

## தண்ணீர்: மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு, பைகார்பனேட் என்று தண்ணீரில் கரைந்திருப்பவை எல்லாவற்றின் கூட்டுத்தொகையே இங்கே டி.டி.எஸ். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-இல் திருத்தி வெளியிட்ட ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரம், லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. மீட்டரில் தெரியும் பி.பி.எம். என்பதை நடைமுறையில் லிட்டருக்கு மில்லிகிராம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பேனா வடிவத்தில் விற்கும் சிறிய மீட்டர் உப்பை நேரடியாக அளப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதிலிருந்து கணக்குப் போட்டு ஓர் எண்ணைக் காட்டுகிறது. இது தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அளக்கும் முறை:

1. குழாயை ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீரிலேயே டம்ளரை இரண்டு முறை அலசுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் எண் ஏறும்.

2. சாதாரண வெப்பநிலையில் இருக்கும் தண்ணீரை எடுங்கள். சுடுதண்ணீரில் மீட்டரை விடாதீர்கள்.

3. மூடியைக் கழற்றி, மீட்டரில் போட்டிருக்கும் கோடு வரை மட்டும் நனையுங்கள். மெதுவாகக் கலக்கி, முனையில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை விலக்குங்கள்.

4. எண் நிலையாக நிற்கும்வரை காத்திருங்கள். திரையின் ஓரத்தில் ‘×10’ என்று தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், 142 என்பது உண்மையில் 1,420. போர் தண்ணீரை அளக்கிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

5. அலகு பி.பி.எம்.தானா என்று உறுதி செய்யுங்கள். சில மீட்டர்களில் பட்டனை மாற்றி அமுக்கினால் மின்கடத்துதிறனின் அலகுக்குப் போய்விடும். அந்த எண் பி.பி.எம்.மைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை இருக்கும்.

6. ஆர்.ஓ. மிஷினுக்குள் போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர் இரண்டையும் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். ‘மெம்பிரேன் மாற்ற வேண்டும்’ என்று சர்வீஸ்காரர் சொல்லும்போது இந்தக் குறிப்பைப் பார்த்து நீங்களே முடிவெடுக்கலாம்.

அடிக்கடி நடக்கும் தவறு: எண் குறைவாக இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று நினைப்பது. சாக்கடை கசிந்து கிருமி கலந்த தண்ணீரும் மீட்டரில் 200 காட்டலாம். ஃபுளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மி.கி., அதிகபட்ச அனுமதி 1.5. நிலத்தடி நீரில் 3 மி.கி. ஃபுளோரைடு இருந்தாலும், 400 பி.பி.எம். என்ற மொத்தத்துக்குள் அது தனியாகத் தெரியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு கலந்த தண்ணீரால் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கிணற்று நீரையோ போர் தண்ணீரையோ குடிக்கிற வீடுகள் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி முழுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

எச்சரிக்கை: விற்பனைக்கு வருகிறவர் இரண்டு டம்ளர்களில் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார். உங்கள் வீட்டுத் தண்ணீர் பழுப்பாகிக் கலங்கும். அவர் மிஷின் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. உப்புள்ள தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும்போது இரும்புக் கம்பி அரிபட்டு வந்த துரு அது. உப்பு குறைந்த தண்ணீரில் மின்சாரம் பாயாது, அதனால் கம்பியும் அரிபடாது. இந்தச் சோதனையைப் பார்த்து மிஷின் வாங்காதீர்கள். வீட்டு மின்சாரத்தில் நீங்களே செய்து பார்க்கவும் கூடாது.

## வரி: பிடித்த பணத்தைத் தேடிப் பிடிப்பது

வைப்புநிதி வட்டியில் ஒரு தொகை குறைந்து, எதிரே டி.டி.எஸ். என்று இருப்பதைப் பார்த்து வங்கியின் கட்டணம் என்று விட்டுவிடும் பெரியவர்கள் நிறைய. அது கட்டணம் இல்லை. வட்டியைக் கொடுக்கும் இடத்திலேயே உங்கள் பெயரில் முன்கூட்டிக் கட்டப்பட்ட வருமான வரி. கட்ட வேண்டிய வரி அதைவிடக் குறைவு என்றால் மிச்சம் உங்களுக்குத் திரும்பி வர வேண்டும்.

2025 ஏப்ரல் 1 முதல், ஓர் ஆண்டில் ஒரு வங்கி தரும் வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்கு அந்த வரம்பு 1,00,000 ரூபாய். வங்கியில் பான் எண் கொடுக்காதவர்களுக்குப் பிடித்தம் 20 சதவீதம்.

செய்ய வேண்டியவை:

1. வங்கியில் பான் எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பிடித்த பணம் உங்கள் கணக்கில் வந்து சேராது.

2. வருமான வரித் துறையின் இணையதளத்தில் உள்ளே போய், வரி வரவுப் பட்டியலைத் திறங்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு 26 ஏ.எஸ். என்று பெயர். வங்கி பிடித்ததும் இந்தப் பட்டியலில் இருப்பதும் ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போக வேண்டும்.

3. ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் வங்கிக் கிளைக்குப் போங்கள். பிடித்தவர் தாக்கல் செய்யும் காலாண்டுக் கணக்கைத் திருத்தினால்தான் பட்டியல் மாறும். வரித் துறை தானாக அதை மாற்றாது.

4. உங்கள் மொத்த வருமானத்துக்கு வரியே வராது என்றால், பிடிக்க வேண்டாம் என்று உறுதிமொழிப் படிவத்தை நிதியாண்டின் தொடக்கத்திலேயே கொடுங்கள். மார்ச்சில் கொடுத்தால், அதற்குள் பிடித்த பணத்தைத் திரும்பப் பெற ரிட்டன் தாக்கல் செய்துதான் ஆக வேண்டும்.

குறிப்பு: 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பழைய பிரிவு எண்களை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் வங்கியில் எண்ணைச் சொல்லிக் கேட்காமல் வேலையைச் சொல்லிக் கேட்பது நல்லது. ‘வட்டியில வரி பிடிக்காம இருக்கக் கொடுக்கிற படிவம் வேணும்’ என்று கேட்டால் போதும்.

வீடு, மனை வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத டி.டி.எஸ்.ஸைப் பிடித்துக் கட்ட வேண்டியவர் வாங்குகிறவர்தான். விற்கிறவர் கட்டிவிடுவார் என்று இருந்துவிட்டால், பிறகு வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்ந்து நோட்டீஸ் வரும்.

## பெயின்ட், ரசாயன டப்பா

இதை வேகமாகக் கடந்துவிடலாம். கட்டுமான ரசாயனங்களுக்கான டி.டி.எஸ்.ஸில் கலவை விகிதம், ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும், எத்தனை மணி நேரத்தில் காயும் என்பவை இருக்கும். கண்ணில் பட்டால், வயிற்றுக்குள் போனால் என்ன செய்வது என்பதற்கு எஸ்.டி.எஸ். என்ற இன்னொரு தாளைப் பார்க்க வேண்டும். பழைய பெயர் எம்.எஸ்.டி.எஸ். கடைக்காரரிடம் இரண்டையும் கேட்டு வாங்கி, வேலை முடியும்வரை வேலையாட்களின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

## மருந்துச் சீட்டு: இங்கே ஊகத்துக்கு இடமில்லை

மருந்துச் சீட்டின் சுருக்கங்களில் பல லத்தீனில் இருந்து வந்தவை. இன்று அந்த மொழி தெரிந்து யாரும் எழுதுவதில்லை, பழக்கமாக நிற்கிறது. ஓ.டி. என்றால் ஒரு வேளை, பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். அல்லது டி.ஐ.டி. என்றால் மூன்று வேளை, கியூ.ஐ.டி. என்றால் நான்கு வேளை. எச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. ஸ்டாட் என்றால் உடனடியாக.

நம் ஊர் டாக்டர்கள் பலர் இதற்குப் பதிலாக 1-0-1 என்று எழுதுகிறார்கள். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. இது எவ்வளவோ மேல். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் பேரன் விரலை வைத்துக் காட்டிவிடலாம்.

சிக்கல், ஒரே சுருக்கம் பக்கத்து அறையில் வேறு பொருள் கொள்வதில் இருக்கிறது. வீடுகளில் அதிகம் தடுமாற வைப்பவை இவை.

ஓ.டி. பொது மருத்துவரின் சீட்டில் நாளுக்கு ஒரு முறை. கண் மருத்துவரின் சீட்டிலும் கண்ணாடிக் கடை அட்டையிலும் வலது கண். அங்கே ஓ.எஸ். இடது கண், ஓ.யு. இரண்டு கண்களும். கண் சொட்டு மருந்துக்கு எதிரே ஓ.டி. என்று இருந்தால் ‘வலது கண்ணுக்கா, ஒரு வேளைக்கா?’ என்று கேட்காமல் வீட்டுக்கு வராதீர்கள். அலுவலகத்தில் இதே இரண்டு எழுத்து கூடுதல் நேர வேலை, வங்கியில் மிகைப்பற்று, கல்லூரியில் வெளிப்பணிக்குப் போனதாக வருகைப் பதிவு. கையெழுத்து மோசமாக இருந்தால் ஓ.டி.யும் பி.டி.யும் ஒன்றுபோலத் தெரியும். ஒரு வேளை மருந்து இரண்டு வேளையாகிவிடும்.

ஏ.சி., ஏ.எஃப். இந்த இரண்டையும் தனியாக எழுதி ஒட்டி வைக்கலாம், அவ்வளவு ஏமாற்றும். ஏ.சி. என்றால் சாப்பாட்டுக்கு முன். ஏ.எஃப். என்று எழுதினால் சாப்பாட்டுக்குப் பின். முதல் எழுத்து ஒன்று, பொருள் நேர் எதிர். ஒன்று லத்தீன், மற்றது ஆங்கிலம் என்பதே காரணம். இதயநோய் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏ.எஃப். என்று இருந்தால் அது சாப்பாட்டைப் பற்றியதே இல்லை. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஒரு நோயின் பெயர்.

எஸ்.ஓ.எஸ். இந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும் பலருக்கும் நினைவு வருவது கப்பல்கள் ஆபத்தில் அனுப்பும் அழைப்பு. அதனால் ‘ரொம்ப முடியாமப் போனா போடற மாத்திரை’ என்று எடுத்து வைத்துவிடுகிறார்கள். மருந்துச் சீட்டில் அதன் பொருள் ‘தேவைப்பட்டால் மட்டும்’. டாக்டரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்தத் தொந்தரவு வந்தால் போட வேண்டும்? ஒரு மாத்திரைக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி? ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை?

சி.டி. அறுவை சிகிச்சைக்கு முன் எழுதிக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் ‘பி.டி., சி.டி.’ என்று சேர்ந்தே வரும். ரத்தம் நிற்க எடுக்கும் நேரம், உறைய எடுக்கும் நேரம் என்பவை அவை. இந்த சி.டி.யைப் படித்துவிட்டு ஸ்கேன் சென்டருக்கு அலைய வேண்டாம். அங்கே பி.டி. என்பது இரண்டு வேளையும் இல்லை.

சி/ஓ. தபால் முகவரியில் ‘இன்னார் மேற்பார்வை’. மருத்துவக் குறிப்பில் ‘நோயாளி சொல்லும் தொந்தரவு’.

ஏ.எம். டெல்மிசார்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் ஏ.எம். என்று இருந்தால் அதில் ஆம்லோடிபின் என்ற இன்னொரு மருந்தும் கலந்திருக்கிறது. காலையில் போட வேண்டியது என்ற பொருள் இல்லை. எச். என்று இருந்தால் நீர் பிரியச் செய்யும் ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்ந்தது. கடையில் ‘அதே மாத்திரைதான், எச். மட்டும் இருக்கு’ என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அது வேறு மருந்து.

டி.எஸ். குழந்தைகளின் சிரப் பாட்டிலில் இது இரட்டிப்பு வீரியத்தையும் குறிக்கலாம், தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டிய பொடி மருந்தையும் குறிக்கலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எழுத்தை விட்டுவிட்டு, ‘5 மி.லி.யில் எத்தனை மி.கி.’ என்ற வரியைப் படியுங்கள். பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றும் கிடைக்கிறது, 250 என்றும் கிடைக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். சிரப்புக்குச் சொன்ன 5 மி.லி.யை சொட்டு மருந்து பாட்டிலில் இருந்து கொடுத்தால் 500 மி.கி. போய்விடும். கைக்குழந்தைக்கு அது பேராபத்து.

பி. வலி மாத்திரையின் பெயர் முடிவில் பி. என்று இருந்தால் பெரும்பாலும் அதில் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கிறது. காய்ச்சலுக்குத் தனியாகப் பாராசிட்டமாலும் போட்டால் ஒரே மருந்து இரண்டு வழியில் உள்ளே போகும். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4 கிராம். அதைத் தாண்டினால் கல்லீரல் கெடும். கல்லீரல் நோய் உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் அந்த 4 கிராமை நெருங்கவே கூடாது.

எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர். மருந்து மெதுவாக வெளிவரும்படி செய்த மாத்திரைகள். மருந்தாளுநரிடம் கேட்காமல் உடைக்கவோ, பொடித்துத் தேனில் குழைக்கவோ, மெல்லவோ கூடாது. நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் வந்துவிடும்.

## கடையை விட்டு வெளியே வருவதற்குள்

1. டாக்டரின் அறையிலேயே சீட்டை ஒரு முறை படியுங்கள். புரியாத வரியைக் காட்டி, ‘டாக்டர், இதை எத்தனை வேளைன்னு தமிழ்ல சொல்லுங்க’ என்று கேளுங்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. மருந்தின் பொதுப் பெயரை, தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இலேயே விதி செய்திருக்கிறது. கேட்பது உங்கள் உரிமை.

2. மெடிக்கல் ஷாப்பில் ஒவ்வொரு அட்டையையும் சீட்டோடு ஒப்பிடுங்கள். பெயர், பின்னொட்டு எழுத்து, மி.கி. அளவு மூன்றும் பொருந்த வேண்டும்.

3. ‘அண்ணா, இது எத்தனை வேளை? சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா? எத்தனை நாளைக்கு?’ இந்த மூன்றையும் ஒவ்வொரு மருந்துக்கும் கேட்டு, கவரின் மேல் தமிழில் எழுதச் சொல்லுங்கள். கூட்டமாக இருந்தாலும் நின்று கேளுங்கள்.

4. ‘மூன்று வேளை’ என்றால் சாப்பாட்டு வேளைகளா, 8 மணி நேரத்துக்கு ஒரு முறையா என்று கேளுங்கள். சில ஆன்டிபயாடிக்குகளுக்கு இடைவெளி சமமாக இருப்பது முக்கியம்.

5. வாரம் ஒரு முறை போடும் மாத்திரை இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டியது. அதைத் தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. கவரின் மேல் கிழமையின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள்.

## எண்ணோடு ஒட்டிவரும் ஆபத்து

அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் என்ற அமைப்பு, எழுதவே கூடாத சுருக்கங்கள் என்று 2004-இல் ஒரு பட்டியல் கொண்டுவந்தது. அதில் முதல் இடத்தில் இருப்பது யூனிட்டைக் குறிக்கும் ‘யு’ என்ற ஓர் எழுத்து. எண்ணுக்குப் பக்கத்தில் கையால் எழுதினால் அது சுழியமாகத் தெரியும். 4 யூனிட் 40 ஆகிவிடும். இன்சுலினில் அது உயிர்போகும் அளவு. தசமப் புள்ளியும் அந்தப் பட்டியலில் உண்டு. 1.0 என்பதில் புள்ளி மங்கினால் 10. முன்னால் சுழியம் இல்லாமல் .5 என்று எழுதினால் 5. வீட்டில் எழுதும்போது ‘அரை மாத்திரை’, ‘ஒரு மாத்திரை’ என்று எழுத்தால் எழுதிவிடுங்கள்.

மைக்ரோகிராமையும் மில்லிகிராமையும் குழப்பினால் ஆயிரம் மடங்கு வித்தியாசம். தைராய்டு மாத்திரை மைக்ரோகிராமில் வருவது. நோட்டில் வெறுமனே ‘தைராய்டு 50’ என்று எழுதாமல் அலகையும் சேர்த்து எழுதுங்கள்.

இந்தியாவில் இன்சுலின் போடும் வீடுகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே 1 மி.லி.க்கு 40 யூனிட் உள்ள குப்பியும் விற்கிறது, 100 யூனிட் உள்ளதும் விற்கிறது. சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் இன்சுலினை 40-க்கான சிரிஞ்சில் 10-ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே இருப்பது 25 யூனிட். மாற்றிச் செய்தால் 10-க்குப் பதில் 4 தான் கிடைக்கும். குப்பியின் மேல் உள்ள எண்ணும் சிரிஞ்சின் மேல் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் இருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்காதீர்கள்.

## வீட்டுக்கு ஒரு மருந்துத் தாள்

ஒரு முழுத்தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: மருந்தின் பொதுப் பெயரும் அளவும், எதற்காக, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எந்தத் தேதி வரை. எந்தக் கட்டத்திலும் சுருக்கம் கூடாது. ‘பி.டி.’ என்று எழுதாமல் ‘காலை, இரவு’. ‘ஓ.எஸ்.’ என்று எழுதாமல் ‘இடது கண்’. ஒரு பிரதியைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள், இன்னொன்றை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் ஃபைலில் வையுங்கள். டாக்டர் மருந்தை மாற்றும் அன்றே பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். பழையதும் புதியதும் ஒன்றாகத் தொங்குவது, தாளே இல்லாததைவிட மோசம்.

காதுக்கான சொட்டு மருந்தையும் கண்ணுக்கானதையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். பாட்டில் ஒரே அளவு, மூடி ஒரே நிறம், மேலே பொடி எழுத்து. காது மருந்து கண்ணில் விழுந்தால் எரிச்சலும் காயமும் வரும்.

## தவறு நடந்துவிட்டால்

1. ஒரு வேளை தவறிப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். டாக்டரைக் கேளுங்கள்.

2. அதிகமாகப் போட்டுவிட்டதாகத் தெரிந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாராசிட்டமால் அளவு மீறினால் முதல் நாளில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம்; அதற்குள் கல்லீரல் பாதிக்கப்படத் தொடங்கியிருக்கும்.

3. வாயில் விரலை விட்டோ உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

4. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ கூடுதலாகப் போய், வியர்த்து, நடுங்கி, பேச்சு குழறினால், விழுங்கும் நினைவு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; 108-ஐ அழையுங்கள்.

5. தவறான மருந்து கண்ணில் விழுந்தால் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரம் தொடர்ந்து கழுவிவிட்டு, கண் மருத்துவரிடம் போங்கள்.

6. மருத்துவமனைக்குப் போகும்போது மாத்திரை அட்டை, பாட்டில், சீட்டு, வீட்டு மருந்துத் தாள் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை மாத்திரை என்பதை வழியிலேயே ஒரு காகிதத்தில் எழுதிவிடுங்கள். அவசரமில்லாத சந்தேகங்களுக்குத் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். அழைக்கும்போது அட்டையில் இருக்கும் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்லுங்கள், பின்னொட்டு எழுத்தோடு.